டப்ளினில் எந்த கிளாஸுக்குக் காசு தகும்?

மார்த்தாண்டம், களியக்காவிளை, பாறசாலை பக்கத்திலிருந்து அயர்லாந்தின் தலைநகரான டப்ளினுக்கு முதல்முறை போகிறவர்களுக்கு அங்கே நர்ஸாக வேலை பார்க்கும் மகளோ, மருமகளோ, கொழுந்தியாளோ இருப்பது வழக்கம். அதனால் தங்க இடமும் சோறும் பிரச்சினை இல்லை. டியூட்டி இல்லாத நாளில் அவர்கள் கூட்டிக்கொண்டு போகிற இடங்கள் பெரும்பாலும் இரண்டு: கின்னஸ் என்ற கருப்பு பீரின் கதையைக் காட்டும் கின்னஸ் ஸ்டோர்ஹவுஸ், பப் என்கிற மதுக்கூடங்கள் நிறைந்த டெம்பிள் பார். இரண்டிலும் போட்டோ அருமையாக விழும். ஆனால் அந்த இரண்டுக்கும் ஆகிற செலவில் கின்னஸையும் டப்ளினையும் இதைவிட நன்றாகப் பார்க்கலாம். பகலில் டிக்கெட் இல்லாத மியூசியம், சாயங்காலம் டிவி சத்தம் இல்லாத பழைய பப். ஒரு யூரோவுக்கு நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும், ஆனால் கணக்கு மனசிலேயே போட்டுவிடலாம்.

குடிக்காதவர்களும் தொடர்ந்து படிக்கலாம். டாஸ்மாக் பாரை மனதில் வைத்துக்கொண்டு டப்ளின் பப்பை நினைக்கக் கூடாது. பாட்டியும் பேரனும் எதிரெதிரே உட்கார்ந்து டீ குடிக்கிற இடம் அது. சட்டப்படி பிள்ளைகள் பெரியவர்களோடு இரவு 9 மணி வரை இருக்கலாம். மே முதல் செப்டம்பர் வரை 10 மணி. 2004 மார்ச்சிலிருந்து உள்ளே புகைபிடிக்கத் தடை. நாடு முழுவதற்கும் அந்தத் தடையைக் கொண்டுவந்த முதல் நாடு அயர்லாந்துதான். ஒரு எலுமிச்சை சோடாவோ டீயோ வாங்கிக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்தாலும் எழுந்து போ என்று யாரும் சொல்வதில்லை.

முதலில் விசா. பெரிய காசு வீணாவது இங்கேதான். அயர்லாந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, யூரோ செல்லும், ஆனால் ஒரே விசாவில் பல ஐரோப்பிய நாடுகளுக்குப் போகிற ஷெங்கன் ஏற்பாட்டில் இல்லை. பிரான்ஸுக்கோ இத்தாலிக்கோ எடுத்த விசாவைக் காட்டி டப்ளினில் இறங்க முடியாது. அயர்லாந்துக்குத் தனியாக சி வகை (குறுகிய காலத்துக்கான) விசா வேண்டும்: ஒருமுறை நுழைய 60 யூரோ, பலமுறை நுழைய 100. விண்ணப்பத்தை அயர்லாந்து அரசின் அவாட்ஸ் என்ற விசா இணையதளத்தில் நிரப்பி, கடைசியில் வரும் தாளை அச்செடுத்துக் கையெழுத்துப் போட்டு, பாஸ்போர்ட்டோடு விசா மையத்தில் கொடுக்க வேண்டும். அந்தத் தாளை அச்செடுக்க மறந்துவிட்டு மையத்துக்குப் போனால் அரைநாள் போச்சு. லண்டனும் போகிற திட்டம் இருந்தால் ஒரு வழி உண்டு. இந்தியப் பாஸ்போர்ட்டில் உள்ள பிரிட்டன் விசிட் விசாவில் பி.ஐ.வி.எஸ். (பிரிட்டன்-அயர்லாந்து கூட்டு விசாத் திட்டம்) என்ற குறிப்பு இருந்தால், முதலில் பிரிட்டனில் இறங்கிவிட்டு அதே விசாவில் டப்ளினுக்கும் போகலாம். குறிப்பு இல்லையென்றால் கிடையாது, கெஞ்சியும் பயனில்லை. விமானத்தைப் பொறுத்தவரை திருவனந்தபுரத்திலிருந்து நேரடியாக எதுவும் இல்லை. துபாய், அபுதாபி, தோஹா மாதிரி ஏதோ ஒரு ஊரில் மாறித்தான் போக வேண்டும்.

இனி ஸ்டோர்ஹவுஸ். 1759இல் ஆர்தர் கின்னஸ் என்பவர் செயின்ட் ஜேம்ஸஸ் கேட்டில் ஓடாமல் கிடந்த ஒரு மதுவடிசாலையை வருஷத்துக்கு 45 பவுண்டு என்று 9000 வருஷக் குத்தகைக்கு எழுதி வாங்கினார். நம்ம ஊரில் 99 வருஷக் குத்தகைக்கே கோர்ட்டுக்கு அலைகிறோம். இப்போது டிக்கெட் போட்டுக் காட்டுகிற கட்டிடம் 1904இல் பீர் நொதிக்க வைப்பதற்காகக் கட்டியது. 2000 டிசம்பரில் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். ஏழு மாடி. நடுவில் இருக்கிற கண்ணாடிக் குழி ஒரு ராட்சத பைண்ட் டம்ளர் (பைண்ட் என்பது 568 மில்லி பிடிக்கும் முழு அளவு) வடிவத்தில் இருக்கிறது. உள்ளே போகுமுன் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: பக்கத்து வளாகத்தில் இன்றும் பீர் வடிக்கிறார்கள், ஆனால் நீங்கள் நடக்கிற கட்டிடத்தில் ஒரு சொட்டுகூட வடிப்பதில்லை. பார்லி, ஹாப்ஸ், ஈஸ்ட், தண்ணீர் என்ற நான்கு சாமான்களையும் விளக்கு, திரை, அருவி வைத்து அழகாகக் காட்டுகிறார்கள். தொழிற்சாலை பார்க்கப் போகிறோம் என்று நினைத்துப் போனால் ஏமாற்றம்தான்.

தேறுவது மூன்று விஷயங்கள். பீப்பாய் செய்கிற தச்சர்களின் பழைய படச்சுருள் ஒன்று. ஆணியும் பசையும் அளவுகோலும் இல்லாமல் கண்ணளவிலேயே பலகையை வளைத்துச் சேர்க்கிறார்கள். அடுத்தது விளம்பர மாடி. ஜான் கில்ராய் கின்னஸ் விளம்பரங்களுக்கு வரைந்த, பெரிய அலகுள்ள டூகான் பறவைப் படங்கள் அங்கே இருக்கின்றன. மூன்றாவது உச்சியில் இருக்கும் கிராவிட்டி பார். சுற்றிலும் கண்ணாடி, தெற்கே விக்லோ மலை தெரியும். பீருக்கான தண்ணீர் வருவது அந்த மலையிலிருந்துதான். ஊர் நடுவே ஓடுகிற லிஃபி ஆற்றுத் தண்ணீர் என்பது வெறும் கதை. டிக்கெட்டில் ஒரு பைண்ட் அடக்கம். வேண்டாம் என்றால் குளிர்பானம் தருவார்கள்.

டிக்கெட் விலை நாளுக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும். இருபது யூரோவிலிருந்து முப்பது வரை போகும். வாரநாளில் காலை முதல் நேரம்தான் மலிவு, கூட்டமும் குறைவு. சனிக்கிழமை மதியம் போனால் கிராவிட்டி பாரில் கண்ணாடிப் பக்கம் நெருங்கவே முடியாது, முன்னால் நிற்பவர் முதுகைத்தான் பார்க்க வேண்டும். ஊரில் ஒரு பைண்ட் ஆறு, ஏழு யூரோ. அதைக் கழித்தால் மிச்சம் பதினைந்து, இருபது யூரோ அந்தக் காட்சிக்கும் கண்காட்சிக்கும். பீர் வரலாற்றில் ஈடுபாடு இருந்தால் தரலாம். இல்லாவிட்டால் வெளியே அந்தத் தெருக்களில் சும்மா நடங்கள். பார்லி வறுக்கும் வாசனை காற்றில் வரும், அதற்குக் காசில்லை.

கின்னஸின் கருப்பு எங்கிருந்து வருகிறது என்பதும் அந்த வாசனையில் இருக்கிறது. பார்லியை 232 டிகிரி செல்ஸியஸில் காப்பிக்கொட்டை மாதிரி வறுக்கிறார்கள். வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் டம்ளரின் அடியில் ஒரு மாதுளைச் சிவப்பு தெரியும். கருப்பாக இருப்பதால் வீரியம் அதிகம் என்று நம்ம ஆட்கள் பயப்படுவதுண்டு. ஆல்கஹால் 4.2 சதவீதம்தான், நம்ம ஊரில் ஸ்ட்ராங் என்று எழுதி விற்கும் பீரில் கிட்டத்தட்ட இதைப்போல இரண்டு மடங்கு. சுத்த சைவக்காரர்களுக்கு ஒரு தகவல்: பீரைத் தெளிய வைக்க முன்பு மீனின் காற்றுப்பையிலிருந்து எடுத்த பசையைப் பயன்படுத்தினார்கள். அந்த முறையைக் கைவிட்டாயிற்று. இப்போதைய கின்னஸில் மீன் சம்பந்தம் இல்லை.

ஊற்றுவதைப் பார்ப்பதே பாதிச் சுகம், அதற்காகவே கவுண்டர் பக்கம் நிற்கலாம். டம்ளரை 45 டிகிரி சாய்த்துப் பிடித்து முக்கால் பாகம் வரை நிரப்பிவிட்டு, ஊற்றியவர் அதை அப்படியே கவுண்டரில் வைத்துவிட்டு அடுத்த ஆளிடம் போய்விடுவார். உள்ளே காப்பிப் பொடி நிறத்தில் ஒரு மேகம் புரளும். டம்ளர் ஓரமாகப் பார்த்தால் குமிழ்கள் மேலே போகாமல் கீழே இறங்குவது தெரியும். கண்ணின் கோளாறு இல்லை. நடுவில் குமிழ்கள் வேகமாக மேலேறும்போது பீரையும் இழுத்துக்கொண்டு போகின்றன. மேலே போன பீர் ஓரமாகக் கீழிறங்கித்தானே ஆக வேண்டும், அது சின்னக் குமிழ்களையும் கூட இழுத்து வருகிறது. சாதாரண பீரில் இருப்பது கார்பன் டை ஆக்ஸைடு. இதில் பெரும்பங்கு நைட்ரஜன். நைட்ரஜன் திரவத்தில் எளிதில் கரையாது, அதனால் குமிழ் பொடியாக, நுரை பாலாடை மாதிரி. வயிறு உப்புவதும் குறைவு.

மேகம் அடங்கி, கருப்பும் வெள்ளையும் கோடு கிழித்த மாதிரி பிரிந்த பிறகு, குழாய்க் கைப்பிடியை இந்தமுறை பின்பக்கமாகத் தள்ளி மெதுவாக நிரப்புவார்கள். நுரை விளிம்புக்கு மேல் லேசாகக் குவிந்து நிற்கும், வழியாது. இரண்டு ஊற்றுக்கும் சேர்த்து 119.5 விநாடி என்பது கம்பெனி சொல்லும் கணக்கு. முதல்முறை போகிறவர் செய்கிற தவறு, முக்கால் டம்ளரை வைத்ததும் நமக்குத்தான் என்று எடுத்துவிடுவது. எடுக்காதீர்கள். மறந்துவிட்டார் என்று கூப்பிடவும் வேண்டாம். ஒரே நேரத்தில் எட்டு டம்ளர் அடங்கிக்கொண்டிருந்தாலும் எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். குடிக்கும்போது நுரையை உறிஞ்சிக்கொண்டே இருக்கக் கூடாது. உறிஞ்சினால் கசப்பு மட்டும்தான் வரும். நுரைக்கு அடியில் இருக்கிற பீர் வாய்க்கு வருகிற மாதிரி ஒரு நல்ல மடக்கு குடிக்க வேண்டும். ஒவ்வொரு மடக்குக்கும் டம்ளரில் ஒரு வெள்ளை வளையம் படியும். வளையம் படியவில்லை என்றால் டம்ளர் சரியாகக் கழுவப்படவில்லை என்று அர்த்தம்.

கேட்கும் முறையிலும் ஒரு சங்கதி உண்டு. “ஒரு கிளாஸ் கின்னஸ்” என்று கேட்டால் அரை பைண்ட், அதாவது 284 மில்லிதான் வரும். அயர்லாந்தில் கிளாஸ் என்றால் அரை. முழுசு வேண்டுமென்றால் பைண்ட் என்று சொல்ல வேண்டும், 568 மில்லி. ஒரே நாளில் நான்கு பப் பார்க்க நினைப்பவர்களுக்கு அந்தக் கிளாஸ்தான் தோது. நான்கு கிளாஸ் சேர்ந்தால் இரண்டு பைண்ட், தலை தலையாக இருக்கும். விஸ்கி ஒரு அளவு 35.5 மில்லி. நம்ம ஸ்மாலைவிட ஒரு பொட்டு கூட. கேட்டால் சின்னக் குவளையில் தண்ணீர் தருவார்கள். ஆர்டர் செய்யும்போதே காசு, கார்டைத் தட்டினால் முடிந்தது. கவுண்டரில் டிப்ஸ் வைக்கும் வழக்கம் கிடையாது.

கூட்டமாகப் போனால் ரவுண்ட் முறை. நாலு பேர் என்றால் ஆளுக்கொரு தரம் நாலு பேருக்கும் வாங்க வேண்டும். இரண்டாவது ரவுண்டோடு எழுந்து போகிறவர் தன் முறை வருமுன் ஓடுகிறவராக எண்ணப்படுவார்; வாயால் சொல்ல மாட்டார்கள், மனசில் வைத்துக்கொள்வார்கள். சீக்கிரம் கிளம்ப வேண்டியிருந்தால் முதல் ரவுண்டை நீங்களே வாங்கிவிடுங்கள். கடன் இல்லை.

எந்தப் பப் என்பதில்தான் விஷயம். டெம்பிள் பார் என்பது ஒரு பேட்டையின் பெயர். அங்கே சிவப்புச் சாயம் பூசிய ஒரு பப்புக்கும் அதே பெயர். கல் பாவிய தெரு, பூத்தொட்டி, மதியத்திலேயே பாட்டு. காலை பத்து மணிக்குப் போய் தெருவைப் பாருங்கள், அழகாக இருக்கும். ராத்திரியில் பைண்ட் விலை ஒன்பது, பத்து யூரோவைத் தாண்டும், நேரம் ஏற ஏற அதுவும் ஏறும். லிஃபி ஆற்றைத் தாண்டியோ கிராஃப்டன் தெருப் பக்கமோ பத்து நிமிஷம் நடந்தால் அதே கின்னஸ் அதைவிட நன்றாக ஊற்றி ஆறு, ஏழு யூரோவுக்குக் கிடைக்கும்போது அங்கே நிற்க ஒரு காரணமும் இல்லை.

தெற்கு கிரேட் ஜார்ஜஸ் தெருவில் லாங் ஹால். பெயருக்கேற்ற மாதிரி நீண்ட ஒரே கூடம், விக்டோரியா காலத்து மரவேலை, சிவப்பு மேற்கூரை, பழைய கடிகாரம். கண்ணுக்கு இதுதான் முதலிடம். கிராஃப்டன் தெருவை ஒட்டிய சவுத் ஆன் தெருவில் கீயோஸ். கவுண்டருக்கு முன்னால் பழைய மளிகைக்கடை இழுப்பறைகள், பக்கத்தில் ஸ்னக் என்கிற தடுப்பறை. மூன்று பக்கமும் பலகை, கவுண்டர் பக்கம் ஒரு சின்னக் கதவு, நாலைந்து பேர் உட்காரலாம். பெண்கள் பப்பில் குடிப்பதை ஊர் ஏற்காத காலத்தில் மறைவாக உட்கார வைத்த அறை இது. பாதிரியாரும் போலீஸும்கூட அங்கேதான். கீயோஸில் மாடியேறினால் குடும்பம் வாழ்ந்த வீடு அப்படியே பப்பாகியிருக்கிறது. வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து குடிக்கலாம். ஸ்னக் வேண்டுமென்றால் சாயங்காலம் நாலு மணிக்குள் போங்கள், ஆறுக்கு மேல் நின்று குடிக்கத்தான் இடம். பூல்பெக் தெரு மல்லிகன்ஸ் 1854 முதல் அதே இடத்தில் இருக்கிறது. அலங்காரம் எதுவும் கிடையாது, கின்னஸ் மட்டும்தான் பெருமை. பிரிட்ஜ் தெரு பிரேசன் ஹெட் தன்னை 1198இலிருந்து இருப்பதாகச் சொல்லிக்கொள்கிறது. நிற்கிற கட்டிடம் 1754ஐச் சேர்ந்தது. முற்றம் நன்றாக இருக்கும், டூரிஸ்ட் பஸ்ஸும் நிறைய வரும். ஒருமுறை எட்டிப் பார்த்தால் போதும்.

பாட்டுக்கு ஸ்மித்ஃபீல்டில் இருக்கிற காபிள்ஸ்டோன். லுவாஸ் என்கிற டிராமின் சிவப்பு லைனில் ஸ்மித்ஃபீல்ட் நிறுத்தம், அங்கிருந்து சதுக்கத்தின் கோடிக்கு நடை. 2021இல் இதைச் சுற்றி ஹோட்டல் கட்டும் திட்டம் வந்தபோது இசைக்காரர்கள் தெருவில் இறங்கி ஊர்வலம் போனார்கள். மாநகராட்சி அனுமதி மறுத்தது. மேடை, மைக் எதுவும் இல்லை. நுழைந்ததும் முன்மூலையில் நாற்காலிகளில் ஆறேழு பேர் வட்டமாக உட்கார்ந்து வாசிப்பார்கள்: ஃபிடில், புல்லாங்குழல், இல்லியன் பைப், போரான். இல்லியன் பைப்புக்கு வாயால் ஊத வேண்டாம், முழங்கைக்கு அடியில் துருத்தியை அமுக்கிக் காற்று தருகிறார்கள். போரான் ஆட்டுத்தோல் கட்டிய வட்டச் சட்டம். பார்வைக்கு நம்ம பறை மாதிரி, ஆனால் நிற்க வைத்துப் பிடித்து, ஒரு கையைத் தோலுக்குப் பின்னால் வைத்து சுருதியை ஏற்றி இறக்கி, இரண்டு பக்கமும் முனையுள்ள குட்டிக் கோலால் தட்டுகிறார்கள். ஒரு மெட்டை இரண்டு மூன்று தரம் சுற்றிவிட்டு, யாரும் சொல்லாமலே ஒரு தலையசைப்பில் எல்லோரும் அடுத்த மெட்டுக்குத் தாவுகிற அந்த இடத்தைக் கவனியுங்கள். செய்யக் கூடாதவை இரண்டு. அந்த மூலையில் காலியாக இருக்கிற நாற்காலியில் உட்காராதீர்கள், அது தாமதமாக வருகிற வாசிப்பவருக்கு. பக்கத்தில் நின்று சத்தமாகப் பேசாதீர்கள். கச்சேரியில் முன்வரிசையில் உட்கார்ந்து போன் பேசுவதற்குச் சமம்.

ஒரே ஒரு பப்புக்குத்தான் நேரம் என்றால் கிளாஸ்நெவினில் இருக்கிற ஜான் கவனாவைச் சொல்லலாம். 1833இல் தொடங்கியது. கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தின் பழைய வாசலை ஒட்டி இருப்பதால் ஊரார் வைத்த பெயர் கிரேவ்டிகர்ஸ், குழிவெட்டிகள் கடை. மியூசிக் இல்லை, டிவி இல்லை. தேய்ந்த மரத்தரை, ஆடும் அரைக்கதவுகள், பேச்சுச் சத்தம், அவ்வளவுதான். ஊரிலேயே நல்ல பைண்ட் இங்கேதான் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். வேகமாக விற்றுத் தீர்கிற கடையில் பீர் குழாயில் தேங்குவதில்லை, அதுதான் ரகசியம். முன்னதாகக் கல்லறைத் தோட்டத்தைப் பாருங்கள்: 15 லட்சம் பேருக்கு மேல் புதைத்த இடம், கத்தோலிக்கர் உரிமைக்குப் போராடிய தலைவர் டேனியல் ஓகானலின் வட்டக் கோபுரம் 55 மீட்டர் உயரம், விடுதலைப் போராட்டத் தலைவர் மைக்கேல் காலின்ஸ் கல்லறையில் எப்போதும் புதுப்பூ. ஒட்டினாற்போல் தேசியத் தாவரவியல் பூங்கா, அனுமதி இலவசம். 1845இல் உருளைக்கிழங்கு நோயின் அறிகுறியை அங்கேதான் கண்டுகொண்டார்கள். பிறகு வந்த பஞ்சம் நாட்டையே காலி செய்தது. மரச்சீனிக் கிழங்கால் பஞ்சத்தைத் தாண்டிய திருவிதாங்கூர்க்காரர்களுக்கு அந்தக் கிழங்குக் கதை நெஞ்சில் தைக்கும்.

சாப்பாட்டில் நம்ம எதிர்பார்ப்பு தலைகீழாகும். பாறசாலைப் பக்கம் கள்ளு ஷாப்புக்குப் போகிறவருக்குக் கள் ஒரு சாக்கு. மரச்சீனியும் மீன்கறியும்தான் காரியம். டப்ளினின் நல்ல பழைய பப்புகள் பலவற்றில் தொட்டுக்க உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட், வேர்க்கடலை, மிஞ்சிப்போனால் ரொட்டிக்குள் பன்றியும் சீஸும் வைத்துச் சுட்ட டோஸ்டி. வெறும் வயிற்றில் போகாதீர்கள். சமையல் உள்ள பப்பில் மதியம் சூப்பும் பழுப்பு ரொட்டியும் வெண்ணெயும் நம்பி வாங்கலாம். சைவமா என்று சூப்பைப் பற்றி மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். ஐரிஷ் ஸ்டூ ஆட்டுக்கறி, உருளைக்கிழங்கு போட்டது. காரம் என்ற பேச்சுக்கே இடமில்லை. காடில் என்று எழுதியிருந்தால் பன்றி சாஸேஜை வெள்ளையாக வேகவைத்த கஞ்சி என்று புரிந்துகொள்ளுங்கள். ஊர்க்காரர்களுக்கு உயிர், நமக்குக் கஷ்டம்.

பகலில் பார்க்க: கில்டேர் தெரு தேசிய மியூசியம், இலவசம். தங்க நகைகளைவிட முக்கியமானது சதுப்பு நிலத்தில் கிடைத்த மனித உடல்கள். 2003இல் எடுத்த ஓல்ட்குரோகன் மனிதனின் கை இரண்டாயிரம் வருஷத்துக்கு மேல் பழசு. விரல் ரேகையும் நகமும் அப்படியே இருக்கின்றன. அதே வருஷம் கிடைத்த குளோனிகேவன் மனிதன் தலைமுடிக்குச் செடி எண்ணெயும் பைன் பிசினும் கலந்து தடவியிருக்கிறான். ஞாயிறும் திங்களும் மதியம் ஒரு மணிக்குத்தான் திறப்பார்கள், அந்த இரண்டு நாளும் காலையில் போய் நிற்க வேண்டாம். டப்ளின் கோட்டைக்குள் செஸ்டர் பீட்டி மியூசியம், அதுவும் இலவசம்; பாப்பிரஸில் எழுதிய ஆதிகால விவிலியப் பக்கங்கள், குர்ஆன் பிரதிகள், முகலாய ஓவியங்கள். முகலாய ஓவியத்தைப் பார்க்க அயர்லாந்து போவதா என்று தோன்றும். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்ரா ஆர்ட் கேலரி 1935இல் உருவானபோது அதற்கு முன்னின்றவர் டப்ளினில் கவிஞராக இருந்துவிட்டு வந்த ஜேம்ஸ் கஸின்ஸ் என்பதையும் நினைத்துக்கொண்டால் சரியாகிவிடும்.

டிரினிட்டி கல்லூரியில் இருக்கிற கெல்ஸ் நூல், அதாவது ஓவியங்கள் நிறைந்த பழைய நற்செய்திப் பிரதி, சுமார் கி.பி. 800இல் கன்றுத்தோலில் எழுதியது. கண்ணாடிப் பெட்டிக்குள் திறந்து வைத்த பக்கத்தை மட்டும்தான் பார்க்க முடியும். மேலே லாங் ரூம் நூலகத்தில் பராமரிப்புக்காகச் சுமார் 2 லட்சம் புத்தகங்களை எடுத்துவிட்டார்கள். இணையத்தில் பார்த்த புத்தகச் சுவரை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்குக் காலி அலமாரிதான். டிக்கெட் விலைக்கு இப்போதைக்கு தகாது.

காசு கொடுத்துப் பார்க்க ஒன்று என்றால் கில்மைனம் சிறை. 8 யூரோ. 1796 முதல் 1924 வரை சிறையாக இருந்தது. பிரிட்டன் ஆட்சிக்கு எதிரான 1916 ஈஸ்டர் எழுச்சியின் தலைவர்கள் 14 பேரை மே 3 முதல் 12 வரை கல்லுடைக்கும் முற்றத்தில் நிறுத்திச் சுட்டார்கள். குண்டுக் காயத்தால் நிற்க முடியாத ஜேம்ஸ் கானலியை நாற்காலியில் உட்கார வைத்தே சுட்டார்கள். அந்த இடத்தில் ஒரு மரச்சிலுவை மட்டும் நிற்கிறது. பின்னாளில் நம் குடியரசுத் தலைவரான வி.வி.கிரி அந்தக் காலத்தில் டப்ளினில்தான் சட்டம் படித்துக்கொண்டிருந்தார். வழிகாட்டியோடு மட்டுமே உள்ளே விடுவார்கள். டிக்கெட் 28 நாள் முன்னதாக இணையத்தில் திறக்கும், சீக்கிரம் தீரும். தவறினால் அன்றன்று காலை ஒன்பதேகால் வாக்கில் ரத்தான டிக்கெட்டுகளை விடுவார்கள். விஸ்கி பிரியர்களுக்கு ஒரு வரி: போ தெரு ஜேமிசன் விஸ்கி வடிசாலையில் 1971க்குப் பிறகு வடிப்பது இல்லை, காட்சிதான், செம்புப் பானையில் நிஜமாகவே வடிப்பதைப் பார்க்க லிபர்ட்டீஸ் பகுதியில் டீலிங் வடிசாலைக்குப் போங்கள்.

பஸ்ஸில் நம்ம பாங்க் கார்டைத் தட்டினால் எடுக்காது. லீப் கார்டு என்கிற பயண அட்டை வாங்க வேண்டும், கடைகளில் கிடைக்கும். 90 நிமிஷத்துக்கு 2 யூரோ, அதற்குள் பஸ், லுவாஸ் மாறி மாறி ஏறலாம். ஒரு நாளைக்கு அதிகபட்சம் 6 யூரோதான் பிடிக்கும். ரொக்கமாகக் கொடுத்தால் 2.60, நாணயமாக, மீதி கிடையாது. ஏறும்போது வலப்பக்கக் கருவியில் தட்டினால் போதும், டிரைவரிடம் இடம் சொல்ல வேண்டாம். லுவாஸில் மட்டும் ஏறும்போதும் இறங்கும்போதும் பிளாட்பாரத்தில் தட்ட வேண்டும். இறங்கும்போது மறந்தால் கூடுதலாகப் பிடிப்பார்கள். நிறுத்தத்தில் நின்றாலே பஸ் நிற்கும் என்று நம்பாதீர்கள். கையை நீட்ட வேண்டும், இல்லையென்றால் போய்விடும்.

குடை வேண்டாம். நம்ம இடவப்பாதி மழை மாதிரி கொட்டாது. தூறலும் காற்றும் பக்கவாட்டில் வரும், குடை முதல் நாளே கவிழ்ந்து கம்பி முறியும். தொப்பி வைத்த மழைக்கோட்டு போதும். பிளக் மூன்று செவ்வகக் கால் உள்ளது, அடாப்டர் ஊரிலேயே வாங்கிக்கொள்ளுங்கள். ஜூனில் ராத்திரி பத்து மணிக்கு வெளிச்சம் இருக்கும், நேரம் போவது தெரியாது. டிசம்பரில் நாலேகாலுக்கெல்லாம் இருட்டிவிடும், அப்போது மியூசியத்தைக் காலையில் முடித்துவிட வேண்டும்.

கடைகளில் இரவு பத்துக்கு மேல் மது விற்கக் கூடாது, தெருவில் குடிக்கவும் கூடாது. பப் திங்கள் முதல் வியாழன் வரை 11.30, வெள்ளி சனி 12.30, ஞாயிறு 11 மணிக்கு ஊற்றுவதை நிறுத்தும். கையில் இருப்பதைக் குடித்து முடிக்க அரைமணி நேரம் தருவார்கள். அந்த அரைமணிக்குள் பெரும்பாலான பஸ்கள் நின்றுவிடும். மகள் வீடு டாலட் பக்கம் என்றால் கடைசி லுவாஸின் நேரத்தைப் பார்த்து முன்கூட்டியே எழுந்துவிடுங்கள். சோர்ட்ஸ் பக்கம் என்றால் கவலை இல்லை, ஏர்போர்ட் வழியாகப் போகிற 41ஆம் நம்பர் பஸ் ராத்திரி முழுக்க ஓடும்.